அப்பா சொன்ன படிப்பும் மகன் ஏறிய கப்பலும்

ராபர்ட் டார்வினுக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் அவர் பேர்பெற்ற மருத்துவர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற பருமன், ஊரே மதித்த மனிதர். ஆனால் அறுவை சிகிச்சை என்ற நினைப்பே கடைசிவரை அவருக்குக் குமட்டலைத் தந்தது. தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் அதை அடியோடு வெறுத்ததாக மகனிடம் அவரே சொல்லியிருக்கிறார். பிழைப்புக்குச் சிறிதளவு பணம் நிச்சயமாக இருந்திருந்தாலோ, அப்பா தன் விருப்பம் என்ன என்று கேட்டிருந்தாலோ, இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாராம். அதைக் கேட்ட மகன் சார்லஸ் டார்வின், தன் வாழ்க்கைக் குறிப்பில் மறக்காமல் எழுதி வைத்தார்.

ராபர்ட்டின் விருப்பத்தை யாரும் கேட்காமல் போனதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. அவருடைய அப்பா எராஸ்மஸ் டார்வினும் மருத்துவர்தான். தன் வழியில் வர வேண்டியவன் என்று எண்ணி மூத்த மகனை எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பியிருந்தார். இருபது வயதுகூட நிரம்பாத அந்த மாணவன் 1778இல் அங்கேயே நோயுற்று இறந்துபோனான். அவன் பெயர் சார்லஸ். அண்ணன் விட்டுப்போன இடம் தம்பி ராபர்ட்டுக்கு வந்தது.

பின்னாளில் ராபர்ட் தன் மகன்களில் இளையவனுக்கு அந்த அண்ணனின் பெயரையே வைத்தார். பெயரோடு பாதையும் சேர்ந்தே வந்தது. 1825இல், 16 வயதில், இரண்டாவது சார்லஸும் அதே எடின்பரோவுக்கு அதே படிப்புக்காக அனுப்பப்பட்டார். மயக்க மருந்து வராத காலம் அது. குளோரோபாம் புழக்கத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சார்லஸ் இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார். அவற்றில் ஒன்று ஒரு குழந்தைக்கு நடந்தது. இரண்டும் முடியும் முன்பே வெளியே ஓடிவந்தார். அதன்பின் அந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைக்கவே இல்லை.

தனக்கு ஒவ்வாத தொழிலில் காலம் தள்ளியவருக்கு மகனின் மனசு புரிந்திருக்காதா? பாதி புரிந்தது. மருத்துவம் வேண்டாம் என்றால் பாதிரியாராகு என்று அடுத்த முடிவையும் ராபர்ட்டே எடுத்தார். 1828இல் சார்லஸ் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார்.

ஒரு தலைமுறை தான் பட்ட பாட்டை அடுத்த தலைமுறையின் தலையில் ஏன் ஏற்றுகிறது? "நான் பட்டது என் பிள்ளை படக் கூடாது" என்றுதான் எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். அதை மனதாரவே சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சுமை கை மாறுகிறது. 2004இல் அவி அசோர், கை ராத், எட்வர்ட் டெசி என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தக் கைமாற்றத்தை அருகே போய்ப் பார்த்தது.

அவர்கள் ஆராய்ந்தது நிபந்தனை அன்பை. மதிப்பெண் வந்தால் முகம் மலரும், வராவிட்டால் வீட்டில் பேச்சு குறையும். அடி இல்லை, திட்டு இல்லை, பாசத்தின் அளவு மட்டும் ஏறி இறங்கும். இப்படி வளர்ந்ததாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள் பெற்றோர் விரும்பியதைச் செய்யத்தான் செய்தார்கள். அந்த வகையில் முறை பலித்தது. ஆனால் விரும்பிச் செய்யவில்லை, செய்தே ஆக வேண்டும் என்ற உள்நெருக்கடியில் செய்தார்கள். ஜெயித்தபோது கிடைத்த மகிழ்ச்சி சீக்கிரம் வடிந்தது. தோற்றபோது வெட்கமும் குற்ற உணர்வும் பிடித்துக்கொண்டன. பெற்றோர் மீது மனத்தாங்கலும் தங்கிவிட்டது.

ஆய்வின் இரண்டாம் பகுதி தாய்மார்களையும் வளர்ந்த மகள்களையும் சேர்த்துப் பார்த்தது. சாதித்தால்தான் அன்பு என்ற வீட்டில் வளர்ந்த தாய்மார்களுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பு குறைவாக இருந்தது. அதன் வலி அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், தங்கள் மகள்களிடம் அதே முறையைத்தான் கையாண்டார்கள். அதைச் சொன்னவர்கள் மகள்களே. கெட்ட எண்ணம் இல்லாமலேயே இது நடக்கிறது என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி.

எதிர்பார்ப்பைச் சுமப்பவர் எப்போதும் சுமை தாங்கியவர்போல் தெரிவதில்லை. இதைப் புரிந்துகொள்ள உளவியலாளர் எரிக் எரிக்சனிடமிருந்து தொடங்க வேண்டும். 1902இல் ஜெர்மனியில் பிறந்த இவருக்குத் தன்னைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வளர்ப்புத் தந்தை ஹோம்பர்கர் குழந்தை மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். எரிக்கோ படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். பிறகு வியன்னாவில் ஆசிரியரானார், அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயின்றார், 1933இல் அமெரிக்கா போனார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற 1939ஆம் ஆண்டு வாக்கில், எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். அடையாள நெருக்கடி என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர் இவர்தான். இளமையில் ஒரு மனிதர் எதிலும் உறுதியாகக் கால் ஊன்றாமல் தேடித் திரியும் காலத்தை அவர் வீண் என்று கருதவில்லை. வளர்ச்சிக்கு வேண்டிய அவகாசம் என்றே கருதினார்.

இந்தக் கருத்தை அளந்து பார்க்கும்படி மாற்றியவர் ஜேம்ஸ் மார்சியா. 1966இல் வெளியான ஆய்வில், 86 கல்லூரி மாணவர்களை அமர வைத்து, தொழில், மதம், அரசியல் ஆகியவை பற்றி நேர்காணல் செய்தார். அவர் தெரிந்துகொள்ள விரும்பியது இரண்டே விஷயம். மாற்று வழிகளை நிஜமாக யோசித்துப் பார்த்ததுண்டா? ஏதாவது ஒன்றில் உறுதியாக நிற்கிறாயா? யோசித்த பிறகு உறுதிகொண்டவர்கள் ஒரு வகை. இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு வகை. தேடலும் இல்லாமல் உறுதியும் இல்லாமல் இருப்பவர்கள் இன்னொரு வகை. நான்காவது வகையினர், தேடாமலேயே உறுதிகொண்டவர்கள். அப்பா வக்கீல், தாத்தா வக்கீல், அதனால் நானும் வக்கீல் என்று தயங்காமல் பதில் சொல்பவர்கள். இவர்களுடைய நிலையை முன்கூட்டியே மூடிய அடையாளம் எனலாம்.

பெண் கொடுக்கிற வீட்டாரைக் கேட்டால் இந்த நான்காவது வகைப் பையனைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவனிடம் குழப்பம் இல்லை. மார்சியாவின் அளவீடுகளிலும் இவர்களுக்குத்தான் பதற்றம் மிகக் குறைவு. தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு மிக அதிகம். ஆனால் நெருக்கடி தந்து ஒரு புதிரை விடுவிக்கச் சொன்னபோது நிலைமை மாறியது. மூடிய அடையாளம் கொண்டவர்கள் தங்களுக்கு மிக உயர்ந்த இலக்கை வைத்துக்கொண்டார்கள். தோற்ற பிறகும் அதைக் குறைக்கவில்லை. மேலிடத்துக்குக் கீழ்ப்படிவதே சரி என்ற மனப்போக்கும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. தேர்ந்து உறுதிகொண்டவர்கள் அதே நெருக்கடியில் நிதானமாக நின்றார்கள்.

வீட்டில் ஒரு பிள்ளை எதிலும் நிலைகொள்ளாமல் தவிப்பதைப் பார்க்கும்போது இந்த முடிவை நினைவில் வைப்பது நல்லது. தவிக்கிற பிள்ளை கெட்டுப்போகிறது என்றோ, அமைதியாக இருக்கிற பிள்ளை தேறிவிட்டது என்றோ உடனே சொல்லிவிட முடியாது.

டார்வினுக்கு எரிக்சன் சொன்ன அந்த அவகாசம் 1831 ஆகஸ்டில் ஒரு கடிதத்தின் வடிவில் வந்தது. கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ எழுதியது: பீகிள் என்ற கப்பல் உலகம் சுற்றக் கிளம்புகிறது, இயற்கை ஆராய்ச்சியில் நாட்டமுள்ள ஒருவர் தேவை. ராபர்ட் மறுத்தார். வருங்காலப் பாதிரியாருக்கு அழகல்ல, கிறுக்குத்தனமான திட்டம், வேறு யாருக்கோ கொடுத்து அவர்கள் மறுத்திருப்பார்கள், திரும்பி வந்தால் ஒரு வேலையிலும் நிலைக்க மாட்டான். இப்படி எட்டு ஆட்சேபங்கள். மகன் சண்டை போடவில்லை. வர இயலாது என்று ஹென்ஸ்லோவுக்கு எழுதிவிட்டார்.

ஆனால் அப்பா ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். விவேகமுள்ள ஒருவராவது போகச் சொன்னால் சம்மதிப்பதாகச் சொல்லியிருந்தார். சார்லஸ் மாமா ஜோசையா வெட்ஜ்வுட்டின் வீட்டுக்குப் போனார். அப்பாவின் ஆட்சேபங்களை வரிசையாக எழுதி மாமாவிடம் கொடுத்தார். மாமா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். ராபர்ட் இறங்கி வந்தார். பயணச் செலவையும் அவரே ஏற்றார். டிசம்பர் 27 அன்று கிளம்பிய கப்பல் 1836 அக்டோபரில்தான் திரும்பியது. பாதிரியாராகும் திட்டத்தை டார்வின் ஒருநாளும் வாய்விட்டு மறுக்கவில்லை. பயணத்தில் கழிந்த அந்தக் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகளில் அது தானே மறைந்துபோனது.

தன் வழியில் போவது என்றால் வீட்டோடு முறித்துக்கொள்வது என்ற எண்ணம் நம் சினிமாக்களில் வேரூன்றியிருக்கிறது. டார்வினின் வாழ்க்கையில் முறிவு எதுவும் இல்லை. அப்பாவைக் கடைசிவரை பெரும் மரியாதையோடுதான் நினைவுகூர்ந்தார். இன்றைய உளவியலும் இந்தப் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, ஒரு கட்டளை வெளியிலிருந்து மனசுக்குள் எப்படி இடம்பிடிக்கிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது. முதல் படியில் பிள்ளை தண்டனைக்குப் பயந்தோ பரிசுக்காகவோ செய்கிறது. அடுத்த படியில் வெளியே யாரும் அதட்ட வேண்டியதில்லை. அதட்டும் குரல் உள்ளேயே குடிபுகுந்துவிடுகிறது. செய்யாவிட்டால் நான் கேவலமானவன் என்று அது சொல்கிறது. மெல்லாமல் விழுங்கிய உணவைப் போல, உள்ளே இருந்தும் உடம்பில் ஒட்டாத நிலை இது. அதற்கும் மேலே, இது ஏன் முக்கியம் என்று புரிந்து ஏற்பதும், தன் மற்ற விருப்பங்களோடு அது இசைந்துபோவதும் வருகின்றன.

கவனிக்க வேண்டியது இதுதான்: எல்லாப் படியிலும் செயல் ஒன்றாகவே இருக்கலாம். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிக்கும் இருவரில் ஒருத்தி விழுங்கியவளாகவும் மற்றவள் செரித்தவளாகவும் இருக்க முடியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "சொந்த விருப்பம்" என்பதே மேற்கத்தியச் சரக்கு இல்லையா? குடும்பமே தானாக வாழ்கிறவர்களுக்கு இது பொருந்துமா? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் ஒதுக்கவில்லை. 1999இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஆய்வில், சான் பிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுள்ள பிள்ளைகளுக்குச் சொற்புதிர்கள் தரப்பட்டன. சிலர் தாங்களே புதிரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார். சிலரிடம், இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது என்று சொல்லப்பட்டது. ஐரோப்பிய வழிவந்த பிள்ளைகள் தாங்கள் தேர்ந்தெடுத்தபோதுதான் நன்றாகச் செய்தார்கள். சீன, ஜப்பானிய வழிவந்த பிள்ளைகளோ அம்மா தேர்ந்தெடுத்தது என்றபோது எல்லோரையும் விட நன்றாகச் செய்தார்கள், ஆர்வத்தோடும் செய்தார்கள்.

2007இல் சீனாவின் ஹான் ஷிஹுயி குழுவினர் மூளைப் படங்களில் இன்னொன்றைக் கண்டார்கள். தன்னைப் பற்றி யோசிக்கும்போது இயங்கும் நெற்றிப்பகுதியின் ஓர் இடம், சீனர்களுக்கு அம்மாவைப் பற்றி யோசிக்கும்போதும் இயங்கியது. மேற்கத்தியர்களுக்கு அப்படி இயங்கவில்லை. மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதன் மேல் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் அம்மாவின் விருப்பத்தைத் தன் விருப்பமாக உணரும் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

அப்படியானால் எது சரி? வலேரி சிர்கோவ், ரயன் உள்ளிட்டோர் 2003இல் தென் கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு மாணவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பத்தைச் சார்ந்து முடிவெடுக்கும் பழக்கமாக இருந்தாலும் சரி, தனித்து முடிவெடுக்கும் பழக்கமாக இருந்தாலும் சரி, அதைத் தனதாக ஏற்று நடந்தவர்கள் மனநலத்தோடு இருந்தார்கள். நெருக்குதலால் நடந்தவர்கள் அப்படி இல்லை. இது நான்கு நாட்டிலும் காணப்பட்டது. ஆக, பாதையைக் காட்டியது யார் என்பதை விட, நடப்பவர் அதைத் தன் பாதையாக உணர்கிறாரா என்பதே எடை கூடிய கேள்வி. கைவிட வேண்டியது குடும்பத்தை அல்ல. கேள்வி கேட்காமல் சுமப்பதைத்தான்.

இதற்கு நம் ஊரிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒரு குடும்பம். சி. வி. ராமனும் அவருடைய அண்ணன் சி. சுப்பிரமணிய ஐயரும் பிரிட்டிஷ் அரசின் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர்கள். படித்த குடும்பங்கள் கனவு கண்ட உத்தியோகம் அது. ராமன் 1907இல் கல்கத்தாவில் அந்த வேலையில் சேர்ந்து, அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் ஆய்வு செய்தார். 1917இல் அதை உதறிவிட்டு, சம்பளம் குறைந்த பேராசிரியர் பதவிக்குப் போனார். அண்ணன் வேலையிலேயே இருந்தார். கர்நாடக இசை பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த அண்ணனுக்கு 1910இல் லாகூரில் முதல் மகன் பிறந்தான். தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்: சந்திரசேகர்.

சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருடைய ஆசை கணிதம். ராமானுஜனின் புகழ் அவரை ஈர்த்திருந்தது. மகன் அரசு உயர் பணிக்கான ஐ.சி.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். பட்டப் படிப்புக்குக் கணிதத்தை விட இயற்பியல் மேல் என்றும் அவர் நினைத்தார். அம்மா சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். உனக்குப் பிடித்ததைச் செய், அப்பாவுக்காகப் பயப்படாதே என்பதுதான் அவர் மகனுக்குச் சொன்னதன் சாரம். மகன் முழுவதுமாக எதிர்க்கவும் இல்லை, முழுவதுமாகப் பணியவும் இல்லை. இயற்பியலில் சேர்ந்துகொண்டார், கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். ஐ.சி.எஸ். மட்டும் எழுதவில்லை.

அப்பா காட்டிய இயற்பியல் மெல்ல மெல்ல அவருடையதாகவே ஆனது. 1930 ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அம்மா அப்போது கடுமையாக நோயுற்றிருந்தார். போ என்று வற்புறுத்தி அனுப்பியவரும் அவர்தான். மறு ஆண்டு அவர் இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். எரிந்து முடிந்த விண்மீன் வெள்ளைக் குள்ளனாக நிலைத்திருக்க ஓர் எடை வரம்பு உண்டு, அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று பாடப்புத்தகங்களில் படிக்கிறோமே, அந்தக் கணக்கின் தொடக்கம் அந்தக் கப்பலில் போடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19.

1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் வானியலாளர் எடிங்டன் அந்த முடிவைப் பலர் முன்னிலையில் மறுத்தார். துறையில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத காலம். சந்திரசேகர் சில ஆண்டுகள் போராடினார், 1939இல் அந்த ஆய்வையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார், பின் வேறு துறைக்குப் போய்விட்டார். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அதுவே அவர் முறையானது: ஒரு துறையில் பல ஆண்டுகள் மூழ்குவார், புத்தகம் எழுதி முடிப்பார், அதை விட்டு அடுத்ததற்குப் போவார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளிக்கதிர் கடந்து செல்லும் விதம், பாய்மங்களின் நிலைத்தன்மை, கருந்துளைகளின் கணிதம் என்று அந்த வரிசை நீண்டது. ஒரு துறையின் மூத்தவர் என்ற நாற்காலி தயாராக இருக்கும்போதெல்லாம் எழுந்து போனவர் அவர். நோபல் பரிசு 1983இல், 73ஆம் வயதில், இளமைக் காலப் பணியையும் சேர்த்து வந்தது.

விலை இல்லாமல் இல்லை. 1936இல் தானே விரும்பிய லலிதாவை மணந்தார். அடுத்த ஆண்டு முதல் வாழ்க்கை அமெரிக்காவில். 1953இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபோது அப்பாவின் மனம் நொந்தது. அறிவியலை மட்டுமே பற்றிக்கொண்ட வாழ்க்கை தன்னை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டதாகவும், வேறு பலவற்றைத் தான் இழந்துவிட்டதாகவும், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கமேஷ்வர் வாலியிடம் அவர் மனம்விட்டுச் சொன்னார். தன் பாதையில் போனால் மகிழ்ச்சி நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கும் புத்தகங்கள் இந்த ஒப்புதலைச் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்க்க வேண்டும்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சுக்கு உதவக்கூடிய ஒரு சோதனை உண்டு. 1994இல் டெசி குழுவினர் வெளியிட்டது. கணினித் திரையில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் விசையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை, சலிப்பூட்டும் வேலை. சிலருக்கு மூன்று விஷயங்கள் செய்யப்பட்டன. இதை ஏன் செய்யச் சொல்கிறோம் என்ற காரணம் சொல்லப்பட்டது. இது சலிப்பாகத்தான் இருக்கும் என்று அவர்கள் உணர்வு ஒப்புக்கொள்ளப்பட்டது. கட்டளைத் தொனி தவிர்க்கப்பட்டது. பிறகு, விரும்பினால் தொடரலாம் என்று தனியே விட்டார்கள். மூன்றும் கிடைத்தவர்கள் கூடுதல் நேரம் தொடர்ந்தார்கள். தொடர்ந்தவர்கள் அந்த வேலை பயனுள்ளது, தாங்களே விரும்பிச் செய்தது என்றும் சொன்னார்கள். இவை கிடைக்காதவர்களிலும் சிலர் தொடர்ந்து விசையை அழுத்தினார்கள். ஆனால் அவர்கள் எவ்வளவு நேரம் செய்தார்கள் என்பதற்கும் அதை எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கும் ஒட்டே இல்லை.